மூன்று டன்னும் ஒரு சீசன் காட்டேஜும்

எங்கள் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னை எழுதச் சொன்னபோது, ஆள் மாறி வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நான் நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதவன். எஸ்டேட்டில் என் பேரை எடுத்த அன்று, அதாவது வயதாகிவிட்டது என்று வேலையிலிருந்து அனுப்பிய அன்று, மாலை போட்டு மைக்கை நீட்டினார்கள். "வணக்கம்" என்றேன். பிறகு மைக்கைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் மைக் செட்டுக்காரர். அவர் எனக்காக நன்றி சொன்னார்.

"உங்களப் பேசச் சொல்லலீங்கண்ணா, எழுதத்தானுங்க சொல்றோம்" என்றார் சங்கச் செயலாளர். "இப்பப் பசங்க போன்ல ரூம் அளவப் போட்டா, எத்தன டன் மிஷின் வேணும்னு அதே சொல்லீருது. அந்தக் காலத்துல நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எழுதுங்க."

நான் கண்டுபிடித்த அழகு மலை முழுக்கத் தெரியும். குன்னூரிலிருந்து தேவர்சோலை வரை ஏசி வேலை செய்கிறவர்களில் என் பெயர் சிவலிங்கம் என்று தெரிந்தவர்கள் குறைவு. 'மூணு டன்' என்றால் உடனே தெரியும். "மூணு டன் அண்ணன் இருக்காருங்களா?" என்று வீட்டுக்குப் போன் வந்தால் என் மனைவி செல்லம்மா சலிக்காமல் பதில் சொல்வாள்: "சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. இப்ப மூணே கால் இருக்கும்."

மலர் மற்றவர்கள் கைக்கும் போகும் என்பதால் ஒரு விளக்கம். ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பி வேலை வாங்குவது. வெளிக்காற்று நமக்குக் குளிராக இருந்தாலும் அதற்குள்ளும் கொஞ்சம் சூடு இருக்கிறது. அந்தச் சூட்டை எடுத்து அறைக்குள் விடுகிற மிஷின் அது. டன் என்பது மிஷினின் எடை கிடையாது. ஒரே மூச்சில் எவ்வளவு சூட்டை அள்ளிப் போடும் என்பதற்கான அளவு. சின்ன அறைக்கு ஒரு டன் தாராளம். மூன்று டன் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போடுவது. இதைத் தெரிந்துகொண்டு மேலே படித்தால் என்னைப் பார்த்துச் சரியான இடத்தில் சிரிக்கலாம்.

நான் பத்தாவது வரை படித்தவன். பாஸா என்று கேட்க வேண்டாம். அப்பா இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தவர். இங்கே அவருக்குக் கிடைத்ததும் தேயிலைத் தோட்டம்தான். நான் ஃபேக்டரியில் எண்ணெய் போடுகிற ஆளாகச் சேர்ந்தேன். பிறகு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், பிறகு ஸ்பானர் பிடித்தேன், ஒருநாள் ஃபிட்டர் என்றார்கள். இந்த நாலு வரிக்குள் என் இளமை முழுக்க இருக்கிறது. அதில் எழுத ஒன்றுமில்லை; இடது கைச் சுண்டுவிரல் ரோலரில் மாட்டியது தவிர.

ஃபேக்டரிக்கு எல்லாமே, தூள் தயாரிப்பை மேற்பார்க்கிற டீ மேக்கர்தான். எங்கள் டீ மேக்கர் ஞானமுத்து ஐயா. ஒல்லியான ஆள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் அதே இஸ்திரிச் சட்டையோடுதான் தினமும் ஃபேக்டரிக்கும் வருவார். யாரையும் திட்டமாட்டார். கோபம் வந்தால் "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். தூள் சலிக்கும் அறைக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. அந்தக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் ஃபேக்டரியில் எல்லோரும் தங்கள் தங்கள் வேலையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வோம். தண்ணீர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை வைத்துக் குற்றத்தின் கனத்தைக் கணக்குப் போடுவோம். ஒரு தடவை தொட்டித் தண்ணீரே தீர்ந்துபோனது. அன்று குற்றவாளி யார் என்று எழுதாவிட்டாலும் தெரிந்திருக்கும்.

பறித்து வந்த கொழுந்தை மாடியில் நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். அதில் ஐயாவுக்கு ஒரு முறை இருந்தது. மழையில் நனைந்த கொழுந்துக்கு எடுத்த எடுப்பில் சூட்டுக் காற்று விடக் கூடாது. முதலில் வெறும் காற்று. மேலே ஒட்டிய தண்ணீர் போன பிறகுதான் சூடு, அதுவும் இளஞ்சூடு, நிறுத்தாமல். அவசரப்பட்டால் இலையின் ஓரம் சருகாகும், தண்டுக்குள் தண்ணீர் அப்படியே நிற்கும். தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு தெர்மாமீட்டர்கள் ஜோடியாகத் தொங்கும். ஒன்றின் அடியில் ஈரத் துணி சுற்றியிருக்கும். இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ காற்றுக்கு அவ்வளவு தாகம் என்று அர்த்தம். ஐயா அதைப் பார்ப்பார், ஆனால் நம்பமாட்டார். ஒரு பிடி கொழுந்தை அள்ளிக் கைக்குள் இறுக்கி, விரலைத் திறப்பார். உருண்டை அப்படியே இருந்தால் வாடியிருக்கிறது. சிலிர்த்துக்கொண்டு விரிந்தால் இன்னும் இல்லை. இதை நான் வருடக்கணக்கில் தினமும் பார்த்தேன். காற்றாடிகளுக்கு எண்ணெய் போடுகிறவன் நான்தான். இந்த விவரத்தை மறந்துவிட வேண்டாம், ஏனென்றால் நான் மறந்துவிட்டேன்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. குன்னூர் ஏலத்துக்குப் போன எங்கள் தூள் கேட்பாரில்லாமல் திரும்பி வந்தது. ஃபேக்டரி வாரத்தில் சில நாட்கள் மட்டும் ஓடியது. ஓடாத நாட்களில் நாங்கள் ஓடாத மிஷினுக்கு எண்ணெய் போட்டோம். ஒரு காலை, வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் மேனேஜர் தொரை எங்களைத் தனியாக நிறுத்தினார். சின்ன வயது, நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்லத் தெரியாதவர்.

"கொழுந்த இனிமே வெளி ஃபேக்டரிக்குக் குடுக்கச் சொல்லி கம்பெனி உத்தரவு. கொழுந்து எடுக்கிறவங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஃபேக்டரி ஆளுங்களுக்குத்தான்..." என்று நிறுத்திவிட்டு மலையைப் பார்த்தார்.

"எங்களுக்கு என்னாங்க தொரை?" என்று கேட்டது செல்லம்மா. அவள் தூள் சலிக்கும் அறையில் வேலை பார்த்தாள். எனக்கும் சேர்த்து அவள்தான் எப்போதும் பேசுவாள்.

"வேல இல்லேன்னா லயத்து வீட்டையும் விடணும்னு சொல்றாங்க."

கீழ் லயம் முழுக்க ஃபேக்டரி ஆட்கள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள், ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் மருந்து தேடுவார்கள். அந்த லயத்தை விட்டால் எங்களுக்குப் போக ஓர் ஊர் கிடையாது. இருந்த ஊரைத்தான் அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தாரே.

தொரை ஒரு யோசனை வைத்திருந்தார். ஓடைப் பக்கம் இருந்த பழைய கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு உள்ளே மரப் பலகை அடித்துக் காட்டேஜ் ஆக்குவது. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டி சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடுவது. மற்ற மாதங்களில் பூட்டி வைப்பது. முதலில் ஒன்று. அது எடுபட்டால் இன்னும் சில கட்டக் கம்பெனி சம்மதிக்கும், ஃபேக்டரி ஆட்களுக்கு அங்கே வேலை கிடைக்கும், வேலை இருந்தால் வீடும் இருக்கும். எடுபடாவிட்டால் மழைக்கு முன்னால் காலி செய்ய வேண்டும். எல்லாம் அந்த ஒரு கொட்டகையில் நின்றது.

ஓடைப் பக்கம் என்பதால் குளிர் அதிகம். சுற்றிலும் மரப் பலகை, அதனால் நெருப்பு மூட்ட முடியாது. கம்பி ஹீட்டர் போட்டால் ஃபியூஸ் போனது. ஹீட் பம்ப் போடலாம் என்று தொரை எங்கோ கேள்விப்பட்டு வந்தார். அதைக் கற்றுக்கொள்ள ஓர் ஆளைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். இன்னொரு ஃபிட்டர், வெயில் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டார். எனக்கும் ஒத்துக்கொள்ளாதுதான். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் பெயரை எழுதிவிட்டார்கள். என் தொழில் வாழ்க்கை தொடங்கியது இப்படித்தான்.

கோயம்புத்தூரில் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். அறையின் நீள அகலம், சுவர் என்ன சுவர், கூரை என்ன கூரை, வெளியே எவ்வளவு குளிர், உள்ளே எவ்வளவு சூடு வேண்டும். எல்லாவற்றையும் ஒரு கணக்கில் போட்டால் டன் வரும். நான் திரும்பி வந்தது ஜனவரி மாதம். ஓடைப் பக்கம் புல் முழுக்க உறைபனி. இருப்பதிலேயே குளிரான ஒரு விடியற்காலையைத் தேர்ந்தெடுத்து, தெர்மாமீட்டரோடு கொட்டகைக்கு முன்னால் குந்தினேன். வாளித் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஓர் ஏடு நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். இதைவிடக் குளிர் வராது, இதற்குக் கணக்குப் போட்டால் எதற்கும் தாங்கும்.

தேயிலை ஃபேக்டரி ஆளுக்கு வருகிற புத்தி இது. ஃபேக்டரியில் எந்த மிஷினையும் சாதாரண நாளுக்காக வாங்கமாட்டார்கள். மழை விட்டு வெயில் அடித்ததும் கொழுந்து மலை மலையாக வந்து குவியும் நாட்கள் உண்டு. அந்த நாளில் எவ்வளவு வருமோ அவ்வளவையும் தாங்குகிற தொட்டி வேண்டும், இல்லாவிட்டால் கொழுந்து அழுகும். என் எலும்பில் ஊறிய பாடம் அதுதான். ஜனவரியில் அந்தக் காட்டேஜ் பூட்டிக் கிடக்கும் என்பதும், அந்தப் பனியில் அங்கே குந்தியிருக்கப் போகிற ஒரே ஆள் நான்தான் என்பதும் என் கணக்குக்குள் வரவே இல்லை.

கணக்கு ஒன்றரை டன் என்றது. தகரக் கூரையை நம்பக் கூடாது என்று கொஞ்சம் சேர்த்தேன். பலகை இடுக்குக்குக் கொஞ்சம். வருகிறவர்கள் கதவைச் சாத்தமாட்டார்கள் என்று அரை டன். அப்புறம் செல்லம்மாவின் முகம், லயத்து முகங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. இன்னும் அரை டன் சேர்த்தேன். அந்த அரை டன் முழுக்க முழுக்க என் பயம். குன்னூர்க் கடைக்காரர், "அறையா, ஆடிட்டோரியமுங்களா?" என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவரும் கேட்கவில்லை. தொரைக்குப் பெரிய மிஷின் பிடித்திருந்தது. ஞானமுத்து ஐயா என் கணக்கை வாங்கிப் பார்த்தார்.

"நல்லது" என்றார்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது. பின்னாலேயே போய், "என்னாங்கய்யா தப்பு?" என்று கேட்டிருக்கலாம். குழாயிலிருந்து நான் நின்ற இடம் ஒரு சுவர் தூரம். அந்தச் சுவரைச் சுற்றிப் போகிற தைரியம் எனக்கு இல்லை.

மிஷின் வந்தது. வெளியே வைக்கிற பெட்டி பீரோ அளவு. ஜீப் போகாத பாதை என்பதால் கழியில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். லயத்துப் பெண்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"மூணு டன்னுன்னு சொன்னீங்க, நாலே பேரு தூக்குறாங்க?"

"அது எடை இல்லீங்க" என்றேன் நான், மெதுவாக.

"மூணு டன் பச்சக் கொழுந்தா இருக்கும். காஞ்சா முக்கா டன்தானே நிக்கும்" என்றாள் இன்னொருத்தி.

ஓடவிட்ட முதல் நாள் சாயங்காலம் இன்னொன்று தெரிந்தது. மிஷின் தொடங்கும்போது இழுக்கிற இழுப்பில் லயம் முழுக்க பல்பு மங்கியது. அந்த மிஷினுக்கு ஓடு, நில் என்ற இரண்டும்தான் தெரியும், நடப்பது தெரியாது. கொட்டகைக்கு அதன் சூடு அதிகம். கொஞ்ச நேரத்தில் அறை சூடாகி நின்றுவிடும். குளிர்ந்ததும் திரும்பத் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் லயம் கண்ணை மூடித் திறந்தது. பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். "சிவலிங்கண்ணே, வரலாறு பாதிதான் தெரியுது" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "எனக்கு அதுவும் தெரியாது" என்பேன், செல்லம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சீசன் தொடங்குவதற்கு முன்னால், ஊட்டியில் ஆட்களுக்கு அறை பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் பெரியசாமி பார்க்க வந்தார். அவர் ஆள் அனுப்பினால்தான் காட்டேஜ். நாலைந்து நாளாகக் கோடை மழை. சோதனை முடிந்து பூட்டிக் கிடந்த காட்டேஜைத் திறந்து, புது மெத்தை, புதுக் கம்பளி எல்லாம் விரித்தோம். அவர் உள்ளே நுழைந்ததும் நான் பெருமையோடு மிஷினைப் போட்டேன். டீ குடித்து முடிப்பதற்குள் அறை வெதுவெதுவென்று ஆனது. நின்றது.

"பரவாயில்லீங்களே" என்று அவர் கோட்டைக் கழற்றினார்.

அப்புறம் கண்ணாடி ஜன்னல் வேர்த்தது. பலகைச் சுவர் வேர்த்தது. மழைக் காற்றில் மெத்தையும் கம்பளியும் குடித்திருந்த ஈரத்தைத் திடீர்ச் சூடு கிளப்பிவிட, அந்த ஆவி குளிர்ந்து கிடந்த சுவரிலும் கூரையிலும் போய் ஒட்டிக்கொண்டது. மிஷின் காற்றைத்தான் சூடாக்கியிருந்தது; கொட்டகை இன்னும் ஜனவரியிலேயே நின்றது. ஏஜென்ட்டின் முன்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். மூக்கில் இன்னொன்று.

"ஏனுங்க, வெளிய மழ நின்னு போச்சுங்களே" என்றார். "உள்ளாற எப்ப நிக்குமுங்க?"

தொரை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஏஜென்ட் கம்பளியை எடுத்து முகர்ந்தார். "குழந்தை குட்டியோட வரவங்கள இதுல படுக்க வெக்க முடியாதுங்க. நெம்ப ஆசயாத்தான் வந்தனுங்க" என்று கோட்டைப் போட்டுக்கொண்டார். தொரை ஜீப் வரை கூடவே போய்க் கெஞ்சினார். அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிற வேலை இருக்கிறது, ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கிறேன், அப்போதும் இப்படி என்றால் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போனால் செல்லம்மா சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். எதைத் தூக்கிப் போகலாம், எதை விட்டுப் போகலாம் என்று பிரிக்கிறாள் என்று புரிந்தது. அம்மிக்கல்லை நடுவில் வைத்திருந்தாள்; அதை இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது.

"என்னாங்க நடந்துச்சு?" என்றாள்.

சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "மழக் கொழுந்துக்கு எடுத்ததுமே சூடு குடுப்பீங்களா?" என்றாள்.

"குடுக்கமாட்டோம்."

"அப்ப இதுக்கு ஏன் குடுத்தீங்க?"

வருடக்கணக்கில் அந்தத் தொட்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்தவன் நான். வாட்டுகிற மாடியில் எவனாவது அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால், வீட்டுக்கு வந்து அவனைப் பற்றி அவளிடம் புலம்புகிறவனும் நான்தான். கோயம்புத்தூரில் புதுக் கணக்கு படித்ததும், பழையதெல்லாம் வேறு ஃபேக்டரிக்குச் சொந்தம் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் தடவையாக அந்தச் சுவரைச் சுற்றிப் போனேன். ஐயா குழாயடியில் நின்றிருந்தார். கை கழுவி முடிக்கும்வரை காத்திருந்து, "கணக்குல என்னாங்கய்யா தப்பு?" என்றேன்.

"கணக்கு சரி. மாசந்தான் தப்பு" என்றார். "ஏப்ரல்ல எதுக்குப்பா பனி?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்கய்யா."

"நீ கேப்பேன்னு நெனச்சேன்" என்றார். அவருக்கும் என்னைப் போலவே வாய் வராது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சுவருக்குப் பின்னால் நின்றிருக்கிறோம். நடுவில் ஒரு மூன்று டன் மிஷின் வந்து இறங்கிவிட்டது.

ஏப்ரல் மாதத்து ராத்திரிக் குளிரை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டேன். பயத்துக்கென்று எதையும் சேர்க்கவில்லை. ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவாக வந்தது. கடைக்காரர் பெரியதைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்றார். கம்பெனி இன்னொன்று வாங்கித் தராது. எங்கள் மிஷினைப் பார்த்துவிட்டுத் தொரையும் தன் பங்களாப் படுக்கையறைக்கு ஒரு டன் மிஷின் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். ஐயா அதைப் பற்றி அவரிடம் என்ன பேசினார் என்று தெரியாது. தொரை என்னைக் கூப்பிட்டு, "கழட்டிக்கங்க" என்றார். பிறகு, "வீட்டம்மா ஊருக்குப் போயிருக்காங்க, வர்றதுக்குள்ள முடிச்சிருங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

ஆனால் மிஷினை மாற்றினால் மட்டும் போதாது. காட்டேஜை முதலில் வாட்ட வேண்டும். ஃபேக்டரியிலிருந்து அந்த ஜோடித் தெர்மாமீட்டர்களை எடுத்து வந்து நடுக்கூரையில் தொங்கவிட்டேன். மெத்தைகளைச் சுவரில் படாமல் நிமிர்த்தி நிறுத்தினோம். அலமாரிக் கதவையெல்லாம் திறந்து வைத்தோம். வெயில் ஏறியதும் ஜன்னல்களைத் திறந்து, ஃபேக்டரியிலிருந்த பழைய காற்றாடி ஒன்றை வாசலில் வைத்து வெறும் காற்று விட்டோம். மத்தியானம் கழிந்து ஓடைப் பக்கமிருந்து மூடுபனி எழும்பும். அது வாசலுக்கு வருவதற்கு முன் எல்லாவற்றையும் சாத்திவிட வேண்டும். மூடுபனி எழும்புவதைச் சொல்ல செல்லம்மா மேட்டில் நின்றாள். "வருது, சாத்துங்க" என்று அவள் போடுகிற சத்தத்துக்குத் தெர்மாமீட்டரே நடுங்கும். சாத்திய பிறகுதான் சின்ன மிஷின், இளஞ்சூட்டில், நிறுத்தாமல். ஈரத் துணி கட்டிய தெர்மாமீட்டர் முதலில் மற்றதோடு ஒட்டிக்கொண்டே நின்றது. மூன்றாம் நாள் கொஞ்சம் கீழே இறங்கியது. அப்புறம் தினமும் இறங்கியது. ஐயா சாயங்காலம் வருவார், தெர்மாமீட்டரைப் பார்ப்பார், நம்பமாட்டார். கம்பளியின் மூலையைக் கைக்குள் இறுக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு போய்விடுவார். குழாய்ச் சத்தம் கேட்கிறதா என்று நான் காது கொடுப்பேன். கேட்காது.

ஏஜென்ட் சொன்னபடி வந்தார். அன்றைக்கும் மழை, மூடுபனி. குடையையும் கையோடு உள்ளே எடுத்துப் போனார். லயத்தில் அன்று சாயங்காலம் எல்லோரும் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவைகூட மங்கவில்லை.

காலையில் நானும் தொரையும் போனபோது, ஏஜென்ட் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாய் கொப்பளித்து, துண்டால் முகம் துடைத்து, எங்களைக் காக்க வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"தூக்கம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. கம்பளிய ஒதறிப் போத்திட்டுப் படுத்தனுங்க, மொடமொடன்னு இருந்துச்சு. ஆனா ஒண்ணுங்க. அந்த மிஷினு நிக்கவே இல்லீங்க. விடிய விடிய ஓடிட்டே இருந்துச்சு. பழுதுங்களா?"

தொரைக்குப் பதில் தெரியாது. என்னைப் பார்த்தார். அங்கே மைக் செட்டுக்காரரும் இல்லை. மேட்டில் செல்லம்மா நிற்பது தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அவளால் எனக்காகப் பேச முடியாது.

"ஓடுனாத்தானுங்க சரி" என்றேன். "நின்னு நின்னு ஓடுனா, அது பெரிய மிஷினுங்க. இதுக்கு அளவு சரியா இருக்கறதாலதானுங்க ஓடிட்டே இருக்குது."

என் வாழ்க்கையில் ஓர் அந்நியரிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுவரை அதுதான். ஏஜென்ட் மிஷினை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தொரையிடம், "சித்திரைக் கடைசி வரைக்கும் நம்ம ஆளுகளுக்கே வெச்சிருங்க" என்றார்.

அந்தச் சீசன் முழுக்கக் காட்டேஜ் காலியாக இல்லை. அடுத்த வருடம் இன்னும் கட்டினார்கள். ஃபேக்டரி முதல் சீசனிலேயே மூடியது, கீழ் லயம் மூடவில்லை. துணி துவைக்க, சமைக்க, தோட்டம் பார்க்க என்று எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை கிடைத்தது. செல்லம்மா அம்மிக்கல்லைப் பழைய இடத்தில் வைத்தாள். எனக்கு மிஷின் வேலை. அதிலிருந்து மற்ற எஸ்டேட்டுகளும், ஊட்டி லாட்ஜ்களும் கூப்பிட ஆரம்பித்தன. 'மூணு டன்னக் கூப்பிடு, அவருக்கு எது பெருசுன்னு தெரியும்' என்பார்கள். இதைப் பாராட்டு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்றைக்குப் போனில் வருகிற கணக்கு என் கணக்கைவிட நல்லது. அது பயப்படாது. ஆனால் எந்த மாதம் ஆள் வருவார்கள், அதற்கு முன்னால் அறை எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்று நாம் அதற்குச் சொல்ல வேண்டும். அது தானாகக் கேட்காது. அதுவும் கூச்ச சுபாவம்தான்.

அந்த மூன்று டன் என்ன ஆனது என்று எல்லோரும் கேட்பீர்கள். அந்த வருடம் மே மாதம் முழுக்க அது மூடிய ஃபேக்டரியில் சாக்கு போர்த்திக்கொண்டு கிடந்தது. ஜூனில் பெருமழை பிடித்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பரா, மேல் லயத்துப் பக்கம் இருக்கிறது. நீளமான தகரக் கொட்டகை, வரிசையாகத் துணித் தொட்டில்கள். மழைக் காலத்தில் அங்கே ஒரு துணியும் காயாது. ஈரத் துணியையே திருப்பிப் போடுவார்கள், பிள்ளைகள் எல்லாம் சளியோடு கிடக்கும். பால் கொடுக்கத் தாய்மார்கள் நனைந்துகொண்டே வந்து போவார்கள், அதனால் கதவைச் சாத்தவே முடியாது. அதை அங்கே மாட்டலாமா என்று தொரையிடம் கேட்டேன். நான்தான் கேட்டேன்.

வேலை நேரம் பகலில் என்பதால் லயத்தில் விளக்கு எரியாது, மங்கவும் வழியில்லை. முதலில் ஜன்னலைத் திறந்து வெறும் காற்று விட்டோம். பிறகு மிஷினைப் போட்டேன். பக்கத்தில் நின்று, எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தாய் வந்தாள், கதவு திறந்தது. அவள் போவதற்குள் இன்னொருத்தி. கொடியில் தொங்கிய துணிகள் மெதுவாக ஆட ஆரம்பித்தன. மிஷின் நிற்கவே இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா ஒரு துணியைக் கொடியிலிருந்து உருவி, கைக்குள் இறுக்கிப் பார்த்து, மடித்து வைத்தாள்.

தகரக் கூரைக்குச் சேர்த்தது, இடுக்குக்குச் சேர்த்தது, கதவைச் சாத்தமாட்டார்கள் என்று சேர்த்த அரை டன், எல்லாம் அங்கே சரியாக இருந்தது. என் பயத்துக்குச் சேர்த்த அரை டன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.